கூட்டமில்லாத எரிமலைப் பாதை: சிங்கப்பூர்லேர்ந்து முதல் தடவ கிளம்புறவங்களுக்கு

எரிமலை பாக்கணும்னு ஆசப்படுற நம்ம ஆளுங்க பெரும்பாலும் பாலியில பாத்தூருக்கோ ஜாவாவுல புரோமோவுக்கோதான் டிக்கெட் போடுறாங்க. தப்பே இல்ல, ரெண்டும் அழகான மலைங்க. ஆனா விடியக்காலைல முன்னாடி போறவர் முதுகையும் அவரோட டார்ச் வெளிச்சத்தையும் பாத்துக்கிட்டே ஏறி, உச்சில நிக்க இடம் தேடி, நாலு போட்டோ எடுத்துட்டு இறங்குறதுதான் எரிமலைன்னு ஆயிட்டா எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு, ஏன்னா சாங்கியிலேர்ந்து ஒன்றரை மணி நேரம் பறந்தா போதும், ஒரு வார நாள் காலைல நீங்களும் காத்தும் கந்தக வாசனையும் மட்டும் இருக்குற எரிமலை ஒண்ணு இருக்கு.

வட சுமத்ராவுல பெராஸ்தாகி ஊருக்கு மேல நிக்குது, சிபாயாக். கிட்டத்தட்ட 2200 மீட்டர் உசரம். கடைசியா வெடிச்சது 1881ல. ஆனா இன்னும் மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கு, உச்சிக்குக் கீழ பாறை இடுக்கு பூரா ஆவி வருது, மலையடிவாரத்துல வெந்நீர் ஊத்து ஓடுது. புக்கிட் தீமாவைத் தவிர வேற எதுவும் ஏறாதவங்க முதல் எரிமலையா எதை எடுக்கலாம்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். நாலு தடவ போயிருக்கேன், அதுல கத்துக்கிட்டதை வரிசையா எழுதுறேன். கூட்டமில்லாத பாதைன்னா விழுந்தா தூக்கிவிடவும் ஆள் இல்லாத பாதைதான், அதனால ஏற்பாட்டுல பாதி வேலை இங்க சிங்கப்பூர்லயே முடிஞ்சிருக்கணும்.

முதல் வேலை: மலை எந்த நிலையில இருக்குன்னு பாருங்க

டிக்கெட்டுக்கு முன்னாடி இது. இந்தோனேசியாவுல எரிமலைகளைக் கண்காணிக்கிற அரசாங்க மையம் ஒவ்வொரு மலைக்கும் ஒரு நிலை குடுக்கும். 1 நார்மல், 2 வஸ்பாடா (கவனம்), 3 சியாகா (உஷார்), 4 ஆவாஸ் (ஆபத்து). மாக்மா இந்தோனேசியாங்கிற அவங்க ஆப்லயும் இணையத்துலயும் பாக்கலாம், மலாய் கொஞ்சம் தெரிஞ்சா போதும், புரிஞ்சிடும். டிக்கெட் போடுறப்ப ஒரு தடவ, கிளம்புறதுக்கு முந்தின நாள் ஒரு தடவ, ஏறப்போற அன்னிக்குக் காலைல ஒரு தடவ பாத்துடுங்க.

புதுசா போறவங்க நிலை 1 மலைக்கு மட்டும்தான் போகணும். இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். 2023 டிசம்பர் 3ம் தேதி மேற்கு சுமத்ராவுல மராபி வெடிச்சப்ப மலையேறப் போன 24 பேர் செத்துப்போனாங்க. அன்னிக்கு அந்த மலை நிலை 2ல இருந்துச்சு, எரிமலை வாயிலேர்ந்து 3 கிலோமீட்டருக்குள்ள போகாதீங்கன்னு அறிவுரை இருந்துச்சு, ஆனாலும் மேல ஏறுறதுக்கு அனுமதி குடுத்துக்கிட்டுதான் இருந்தாங்க. அதனால கேட்டுல டிக்கெட் குடுக்குறாங்க, அப்ப பாதுகாப்பாதான் இருக்கும்னு முடிவு பண்ணிடாதீங்க. நிலையை நீங்களே பாக்கணும்.

பெராஸ்தாகியிலேர்ந்து பாத்தா இன்னொரு மலையும் தெரியும், சினாபுங். சுமார் 400 வருசம் தூங்கிட்டு 2010ல முழிச்சுது, அப்புறம் பல வருசம் விடாம சாம்பல் கக்கி சுத்தியிருந்த கிராமங்களையே காலி பண்ண வச்சுடுச்சு. யாராவது அங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

காலைத் தயார் பண்றது

நம்ம ஊர்ல இயற்கையா இருக்குற மலைல உசரமானது புக்கிட் தீமா, 163 மீட்டர்தான், அதுலயும் விசிட்டர் சென்டர்லேர்ந்து ஏறுறது அதைவிடக் கம்மி. மெக்ரிச்சி, சதர்ன் ரிட்ஜஸ், 24 கிலோமீட்டர் ரயில் காரிடார் எல்லாம் நடந்தா தூரம் பழகும், ஏத்தம் பழகாது. ஏத்தம் பழக நம்மகிட்ட இருக்குறது எச்டிபி புளோக்கோட படிக்கட்டுதான். ஒரு மாடி ரெண்டே முக்கால் மீட்டர் அளவுன்னு வச்சுக்குங்க, 25 மாடி ஏறினா 70 மீட்டர். ஊருக்குள்ளேர்ந்து சிபாயாக் ஏறுறது எழுநூறு எண்ணூறு மீட்டர் வரும், அதனால 25 மாடிய பத்துத் தடவ ஏறி இறங்குற அளவுக்கு வந்துட்டா மலை உங்களைப் பயமுறுத்தாது. முதல் வாரம் மூணு தடவ போதும். வாரத்துக்கு ஒண்ணோ ரெண்டோ கூட்டிக்கிட்டே போங்க, ஆறு வாரம் எடுத்துக்குங்க, கடைசி ரெண்டு வாரம் மலைக்குக் கொண்டுபோற பையையே தண்ணி பாட்டிலோட முதுகுல போட்டுக்கிட்டு ஏறுங்க.

இறங்குறப்ப லிஃப்ட்டுல இறங்காதீங்க. முதல் தடவ நான் அப்படித்தான் பழகினேன், இருபத்தஞ்சு மாடி ஏறுறது, லிஃப்ட்டுல கீழ வர்றது, மறுபடி ஏறுறது. மேல போறப்ப ஒண்ணும் தெரியல, நல்லா ஏறிட்டேன், இறங்குறப்ப பாதி வழியில தொடை ரெண்டும் நடுங்க ஆரம்பிச்சு, படிக்குப் படி உக்காந்து உக்காந்து வந்தேன், அடுத்த மூணு நாள் எம்ஆர்டி படிக்கட்டு இறங்க முடியாம கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டுத்தான் ஆபீஸ் போனேன். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுக்கிட்டே பாரத்தையும் தாங்கணும், அந்த வேலை அதுக்கு ஏறுறதுல கெடைக்காது, இறங்கித்தான் பழகணும்.

எரிமலை மண்ணைப் பத்தியும் இங்கயே சொல்லிடுறேன். புக்கிட் தீமா கருங்கல், கால் வச்சா நிக்கும். எரிமலைல மேல்பக்கம் சாம்பலும் உதிர்ந்த சின்னக் கல்லுமா கெடக்கும், கிச்சன் தரைல ரவை கொட்டிக் கெடக்குறப்ப செருப்போட நடந்து பாத்திருந்தீங்கன்னா அதே உணர்வுதான். ஏறுறப்ப காலடியைச் சின்னதா வைங்க, பாதம் முழுசாப் பதியணும். மண்ணு ஆழமா மெத்துனு இருக்குற எடத்துல இறங்குறப்ப குதிகாலை முதல்ல ஊணுங்க, உடம்பைப் பின்னாடி சாய்க்காதீங்க, சாய்ச்சாதான் வழுக்கும். கல்லுக்கு மேல மெல்லிசா மண்ணு தூவின மாதிரி இருந்தா அங்க குதிகால் வேலைக்கு ஆவாது, பக்கவாட்டுல திரும்பி மெதுவா இறங்குங்க. ஒரு ஊன்றுகோல் வாங்கிக்குங்க, டெக்காத்லான்ல கெடைக்கிறதே தாராளம்.

ஷூ

ஷூவுக்குத் தனியா ஒரு பகுதி எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. கூட வந்த அண்ணன் ஒருத்தர் நல்ல வெலை குடுத்து வாங்கின ஹைக்கிங் ஷூவை நாலு வருசம் வாசல் ஷூ கேபினட்லயே வச்சிருந்தாரு, ஒரே ஒரு தடவ போட்டதாம். ஏற ஆரம்பிச்சு முக்கால் மணி நேரத்துல வலது கால் அடித்தட்டு முன்பக்கம் வாய் தொறந்துடுச்சு, கொஞ்ச நேரத்துல இடது காலும். கையில எடுத்துப் பாத்தா நடுவுல இருந்த நுரை மாதிரி பொருள் பழைய பிஸ்கட் கணக்கா பொலபொலன்னு உதிருது. நம்ம ஊர் ஈரக்காத்து அந்த நுரையை உள்ளயே அரிச்சுடும், வெளியிலேர்ந்து பாத்தா புதுசு மாதிரியே இருக்கும். பையில இருந்த நாடாவால சுத்திக் கட்டி அவரை அங்கேர்ந்தே கீழ கூட்டிட்டு வந்தோம், அன்னிக்கு யாரும் உச்சிக்குப் போகல.

அதனால கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஷூவை எடுத்து அடித்தட்டைக் கட்டைவெரலால நல்லா அமுக்கிப் பாருங்க, மடிச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா புதுசு வாங்கிடுங்க. புதுசுன்னா அதைப் போட்டுக்கிட்டே படிக்கட்டுப் பயிற்சி செய்ங்க. கால் வெரல் நகத்தை முந்தின நாள் ஒட்ட வெட்டிடுங்க, இறங்குறப்ப நகம் ஷூல இடிச்சு கருத்துப் போகும்.

எப்ப போறது, எதெல்லாம் எடுத்துக்கிறது

வட சுமத்ராவுல அக்டோபர், நவம்பர்ல மழை கொட்டும், தீபாவளி லீவுல போகலாம்னு நெனைக்காதீங்க. பிப்ரவரி நல்லா இருக்கும், மே கடைசிலேர்ந்து ஜூலை வரைக்கும் நல்லா இருக்கும், ஜூன் பள்ளி விடுமுறையோட ஒத்துப்போகுது.

கூட்டம் வேண்டாம்னா செவ்வாய் புதன் பாத்துப் போங்க. சனிக்கிழமை ராத்திரி பக்கத்துப் பெரிய நகரமான மேடான்லேர்ந்து காலேஜ் பசங்க கூட்டம் கூட்டமா வந்து கூடாரம் போட்டு கிதார் வாசிச்சுக்கிட்டு இருப்பாங்க. நல்ல பசங்க, கூப்பிட்டு காப்பி குடுப்பாங்க, ஆனா அமைதி கெடைக்காது.

சிங்கப்பூர் பாஸ்போர்ட்னா விசா வேண்டாம், 30 நாள் இருக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்குற பிஆர், வேலை பாஸ் ஆளுங்க வந்து இறங்கினதும் வாங்குற விசாவை முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துட்டா கியூவுல நிக்க வேண்டாம். பாஸ்போர்ட்ல ஆறு மாசம் பாக்கி இருக்கான்னு பாருங்க. இன்சூரன்ஸ் வாங்குறப்ப ரெண்டு விசயம் படிச்சுப் பாத்துடுங்க: மலையேத்தத்துக்கு உயர வரம்பு ஏதாவது போட்டிருக்காங்களா, எரிமலைச் சாம்பலால விமானம் ரத்தானா பணம் தருவாங்களா. 2024 நவம்பர்ல புளோரஸ் தீவுல லெவோடோபி வெடிச்சப்ப பாலி விமானங்கள் எத்தனையோ ரத்தாச்சு, அவ்ளோ தூரத்துல இருக்குற மலைக்கே அப்படி. லீவு எடுக்குறப்ப ஒரு நாள் கூடுதலா போட்டுக்குங்க.

ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு ஏழு டிகிரி கொறையும்னு ஒரு கணக்கு இருக்கு. மேல காத்து வேற, பருத்திச் சட்டை வேர்வைல நனைஞ்சு உடம்போட ஒட்டி நடுக்கம் குடுத்துடும், ஓட்டத்துக்குப் போடுற பாலியஸ்டர் டிசர்ட்டே போதும், அதுக்கு மேல மழைக்கோட்டு ஒண்ணு. ரெண்டு லிட்டர் தண்ணி, தலையில மாட்டுற விளக்கு, ஃபோன்ல முன்கூட்டியே டவுன்லோடு பண்ணின மேப். சாப்பாட்டுக்கு நான் எப்பவும் பொடி தடவின இட்லி எடுத்துட்டுப் போவேன், காலைல ஒம்பது மணிக்கு மேகத்துக்கு நடுவுல உக்காந்து எள்ளுப்பொடி இட்லி சாப்பிடுறது வேற லெவல். கடலை மிட்டாயும் உப்புப் போட்ட பொரிகடலையும் பையிலேயே இருக்கட்டும்.

போய்ச் சேர்றது

மேடான் நேரம் நம்மள விட ஒரு மணி பின்னாடி. மேடானோட குவாலாநாமு ஏர்ப்போர்ட்லேர்ந்து ஊருக்குள்ள ரயில் இருக்கு, அப்புறம் பாடாங் புலான் பக்கம் போய் பெராஸ்தாகி மினிபஸ் புடிக்கலாம். நாலு பேரா போனா கார் எடுத்துடுங்க. மேடான்லேர்ந்து அறுபத்தஞ்சு கிலோமீட்டர்தான், ஆனா மலைப்பாதை, லாரி ஜாஸ்தி, ரெண்டு மணி நேரத்துலேர்ந்து மூணு மணி நேரம் ஆவும்.

மேடான்ல அரை நாள் கெடைச்சா கம்போங் கெலிங் போங்க, இப்ப கம்போங் மெட்ராஸ்னு பேரு. அங்க ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1884ல கட்டினது, தோட்ட வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க வச்ச கோயில். சைவம் சாப்பிடுறவங்களுக்கு அந்தப் பக்கம் கவலை இல்ல. பெராஸ்தாகில கொஞ்சம் கவனமா இருக்கணும், கடை வாசல்ல பி.பி.கே.ன்னு போட்டிருந்தா அது காரோ ஸ்டைல் பன்றி வறுவல், சைவக்காரங்களும் முஸ்லிம் அன்பர்களும் பாத்துக்குங்க. பாடாங் சாப்பாட்டுக் கடை ஹலால். சைவம்னா "சாயா திடாக் மாக்கான் டாகிங், ஆயாம், இக்கான்"னு (இறைச்சி, கோழி, மீன் சாப்பிட மாட்டேன்) சொல்லி, கடைசில "திடாக் பாக்காய் தெராசி"ன்னும் சேத்துக்குங்க, தெராசின்னா நம்ம பெலாச்சான்தான், இறால் விழுது, சம்பல்ல இருக்கும்.

அந்த ஊர் மக்கள் காரோ இனம். அவங்கள்ல செம்பிரிங்னு ஒரு பெரிய குலம் இருக்கு, அதோட கிளைப் பேருங்க சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி, பிரமானா. படிக்கிறப்பவே காதுல ஏதோ கேக்குதுல்ல? சுமத்ராவோட மேற்குக் கரைல பாரூஸ் பக்கத்துல லோபு துவாங்கிற எடத்துல 1088ம் வருசத்துத் தமிழ்க் கல்வெட்டு கெடைச்சிருக்கு, ஐந்நூற்றுவர் வணிகர் குழு வெட்டி வச்சது, கற்பூர வியாபாரத்துக்கு வந்தவங்க. எங்களைக் கூட்டிட்டுப் போன வழிகாட்டி தன் குலம் பாண்டியான்னு சொன்னப்ப நான் ஒரு நிமிசம் நடக்குறதையே நிறுத்திட்டேன். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. "அப்போ நீங்க நம்ம பக்கம்தான், அபாங்"னு மலாய்ல சொன்னேன், சிரிச்சுட்டு என் பையை வாங்கித் தன் தோள்ல போட்டுக்கிட்டாரு. இந்தக் குலப்பேர் விசயம் தெரிஞ்சுக்கிட்டு போங்க, அங்க யார்கிட்டயும் பேச்சு ஆரம்பிக்க இது போதும்.

ஏறுற நாள்

சூரிய உதயத்தை விட்டுடுங்கன்னு நான் சொன்னா நெறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா முதல் தடவ போறவங்களுக்கு இதுதான் சரி. எல்லாரும் மூணரை நாலு மணிக்கு இருட்டுல ஏறுவாங்க. நீங்க வெளிச்சம் வர்ற நேரத்துல, ஆறு ஆறேகால் மணிக்கு ஆரம்பிங்க. பாதை கண்ணுக்குத் தெரியும், உதயம் பாத்தவங்க எதிர்ல இறங்கி வந்துக்கிட்டு இருப்பாங்க, நீங்க மேல போறப்ப எரிமலை வாய் காலியா இருக்கும். மத்தியானத்துக்குள்ள மேகம் மூடிடும், அதனால அதைவிடத் தாமதமும் வேண்டாம்.

ஜராங்குடா கிராமத்துப் பக்கம் இருக்குற பாதையில போங்க. ஆரம்பத்துல போஸ்ட்ல சின்னக் கட்டணம் கட்டி பேர் எழுதுவீங்க, மறக்காம எழுதுங்க, இறங்கினதும் சொல்லிட்டுப் போங்க. முதல் பாதி பழைய தார் ரோடு, ரெண்டு பக்கமும் காடு. அப்புறம்தான் படியும் பாதையும். நிதானமா போனா ரெண்டரை மூணு மணி நேரம். மேடான் ரோட்டுலேர்ந்து காட்டு வழியா ஒரு பாதையும், செமாங்காட் குனுங் வெந்நீர் ஊத்துப் பக்கம் உடைஞ்ச படிக்கட்டோட ஒரு பாதையும் இருக்கு, ரெண்டும் இன்னும் அமைதியா இருக்கும், ஆனா வழிகாட்டி இல்லாம போகாதீங்க. பனிமூட்டத்துல இந்த மலைல ஆளுங்க வழி தவறிப் போயிருக்காங்க, உச்சிக்குப் பக்கத்துல பாதை மாதிரியே தெரியுற மழைத்தண்ணி ஓடின பள்ளங்க நெறைய, அதுல இறங்கிட்டா நேரா காட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டுடும். முதல் தடவ ஜராங்குடா பாதைக்குமே வழிகாட்டி வச்சுக்குங்க.

மரங்க கொறைஞ்சு வெட்டவெளி வந்ததும் முதல்ல சத்தம்தான் கேக்கும். குக்கர் விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சீறல் வருமே, அது நிக்காம வந்துக்கிட்டே இருக்கும். கிட்டப் போனா சாம்பல் கலர் பாறை இடுக்குல ஆவி, அதோட ஓரத்துல கந்தகம் படிஞ்சு பளீர்னு மஞ்சள், குங்குமச் சிமிழ்ப் பக்கத்துல மஞ்சப்பொடி கொட்டின மாதிரி. இன்னும் கிட்ட குனிஞ்சு பாத்தா அது பொடி இல்ல, ஊசி ஊசியா கண்ணாடி மாதிரி மெல்லிசான படிகம். தொடாதீங்க, ஆவி கையை வேகவச்சுடும், படிகமும் ஒடைஞ்சுடும்.

இங்கதான் கவனம் வேணும். எரிமலை வாயு கண்ணுக்குத் தெரியுற வெள்ளை ஆவி மட்டும் இல்ல. அழுகின முட்டை வாசனை ஹைட்ரஜன் சல்ஃபைடு, தீக்குச்சி உரசின காட்டம் சல்ஃபர் டைஆக்ஸைடு, வாசனையே இல்லாதது கார்பன் டைஆக்ஸைடு. மூணுமே காத்தைவிடக் கனம், பள்ளத்துல தேங்கும். அதனால காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கம் நில்லுங்க, குழியான எடத்துல உக்காந்து சாப்பிடாதீங்க, எரிமலை வாய்க்குள்ள கூடாரம் போடவே போடாதீங்க. முட்டை வாசனை பலமா அடிச்சுக்கிட்டு இருந்து திடீர்னு நின்னுட்டா நல்ல காத்து வந்துடுச்சுன்னு நெனைக்காதீங்க, அந்த வாயு அதிகமானா மூக்கோட உணர்ச்சியையே மழுங்க அடிச்சுடும், உடனே மேட்டுப் பக்கமா நகருங்க. ஈரத் துணியை மூக்குல கட்டினா தூசிக்கு ஆவும், வாயுவைத் தடுக்காது. ஆஸ்துமா இருக்கறவங்க ஆவி வர்ற எடத்துக்கு முன்னாடியே நின்னுடுறது நல்லது, அங்கேர்ந்தே காட்சி பிரமாதமா இருக்கும்.

பத்தரை மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பணும்னு கீழயே பேசி முடிவு பண்ணிக்குங்க. மேல போனப்புறம் பேசினா யாருக்கும் திரும்ப மனசு வராது.

இறங்கினதும் செமாங்காட் குனுங் வெந்நீர்த் தொட்டிக்குக் கார்ல போய் கால் நீட்டி உக்காருங்க. வெள்ளி மோதிரம், கொலுசு இருந்தா கழட்டி வச்சுடுங்க, கந்தகத் தண்ணில கருத்துப் போகும்.

அடுத்த தடவைக்கு

சிபாயாக் புடிச்சுப்போச்சுன்னா அடுத்து தோபா ஏரி நடுவுல இருக்குற சமோசிர் தீவு. அந்த ஏரியே ஒரு எரிமலை வாய்தான், சுமார் 74,000 வருசம் முன்னாடி வெடிச்சது, அதோட சாம்பல் ஆந்திராவுல மண்ணுக்கடியில இன்னும் படிஞ்சு கெடக்கு. வெடிச்சப்புறம் கீழேர்ந்து மாக்மா தள்ளித் தள்ளி ஏரியோட அடித்தரையே மேல எழும்பினதுதான் சமோசிர், நம்ம சிங்கப்பூரைவிடக் கொஞ்சம்தான் சின்னது. பாராபாட்லேர்ந்து படகுல துக்துக் போய், அங்கேர்ந்து தீவோட நடு மேட்டுநிலம் வழியா மேற்கால பாங்குருரான் வரைக்கும் ரெண்டு நாள்ல நடந்து கடக்கலாம், எருமை மேயுற புல்வெளி, பைன் காடு, பாத்தாக் வீடுங்க, வழில பெரும்பாலும் பள்ளிக்கூடம் போற புள்ளைங்கதான் எதிர்ல வரும்.

லொம்போக் போறவங்க ரிஞ்சானி 3726 மீட்டரை உடனே எடுக்காதீங்க. அதோட காலடில செம்பாலுன் பள்ளத்தாக்குல பெர்காசிங்கான்னு ஒரு குன்று இருக்கு, அரை நாள் வேலை, மேலேர்ந்து வயல் கட்டம் கட்டமா தெரியும், எதிர்ல ரிஞ்சானி முழுசா நிக்கும். 1257ல அங்க சமாலாஸ்ங்கிற மலை வெடிச்சதோட கந்தகம் கிரீன்லாந்து, அன்டார்டிகா பனிக்குள்ள வரைக்கும் போய் படிஞ்சிருக்கு, எந்த மலைன்னு தெரியாமலே இருந்து 2013லதான் ஆராய்ச்சியாளருங்க கண்டுபுடிச்சாங்க, லொம்போக்ல இருந்த பழைய ஓலைச்சுவடியும் அதுக்கு உதவியா இருந்துச்சு.

திரும்புற அன்னிக்கு ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல பெராஸ்தாகிலேர்ந்து மேடான் போற ரோடு அடைச்சுக்கும், வாரக்கடைசிக்கு வந்த ஊரே ஒண்ணா இறங்கும். சாயங்கால ஃபிளைட்னா காலைல எட்டு மணிக்கே கிளம்பிடுங்க, வழில பழ மார்க்கெட்ல மர்க்கீசா (பேஷன் ஃப்ரூட்) வாங்கி வண்டியிலயே சாப்பிட்டுடுங்க, ஷூவோட அடில இருக்குற மண்ணை ஹோட்டல்லயே பிரஷ் போட்டுக் கழுவி காயவச்சுடுங்க, ஈரத்தோட பையில கட்டினா அடுத்த தடவ எடுக்குறப்ப அந்த அடித்தட்டு மறுபடியும் கட்டைவெரலுக்குப் பொலபொலன்னு வரும்.